மீற்றரில் எரியாத மஞ்சள் லைற்

 

மாரி பிடித்துவிட்டது. பண்ணைப் பாலத்தால் தினம் போய்வருகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். வாகனம் வைத்திருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கோ. இல்லாதவர்கள், உங்கள் பிள்ளையை ஏற்றி இறக்குகிறவருக்கு வாசித்துக் காட்டுங்கோ.

விசயம் ஏபிஎஸ் பிறேக். இன்னும் சரியாகச் சொன்னால், சாவியைத் திருப்பியதும் மீற்றரில் மஞ்சளாக எரிய வேண்டிய, ஆனால் எங்கள் பக்கத்து வாகனங்கள் சிலவற்றில் எரியவே எரியாத அந்தச் சின்ன லைற்.

நாங்கள் என்றால், யாழ்ப்பாணத்திலிருந்து மண்டைதீவுக்குப் படிப்பிக்க வருகிற ஆசிரியர்கள் ஏழு பேர். ஒருவர் சோனகதெருவில் ஏறுவார், இருவர் ஐந்து சந்தியில், மற்றவர்கள் பண்ணைக்கு வருகிற வழியில். எல்லோரும் ஒரு பழைய ஜப்பான் வானில். அதை ஓடுகிற அண்ணை வேலணை ஆள். நிதானமான மனிசன். வானைக் கைமாறி வாங்கி இரண்டு வருடம்.

இந்த மாரித் தொடக்கத்தில் ஒரு காலை, மழை விட்டுப் பத்து நிமிசம் இருக்கும். மண்டைதீவுச் சந்திக்குக் கிட்ட றோட்டில் படுத்திருந்த மாடு ஒன்று எழும்பிக் குறுக்கே வந்தது. வேகம் நாற்பதுக்குள்தான். அண்ணை பிறேக்கை இறுக்கி மிதித்து ஸ்ரேறிங்கை வலப்பக்கம் வெட்டினார். வான் வெட்டவில்லை. முன்சில்லு இரண்டும் பூட்டிக்கொண்டு, ஸ்ரேறிங் ஒரு பக்கம் வான் ஒரு பக்கமாக வழுக்கிப் போய், இடப்பக்கக் கரைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. மாடு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போனது. பாலத்துக்குப் பக்கத்தில் கடல் ஆழமில்லை என்று சொல்லுவார்கள். குப்புறக் கிடக்கிற வானில் கதவு திறக்கேலாமல் இருக்கிற ஆளுக்கு இடுப்பளவு தண்ணியே மிச்சம்.

வானுக்குள் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்களில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் கேட்டார், "அண்ணை, மிதிக்கேக்க காலுக்குக் கீழ பெடல் நடுங்கினதோ?"

"இல்லை சேர்."

"இந்த வானுக்கு ஏபிஎஸ் இருக்கோ?"

"இருக்கு எண்டுதான் வித்த ஆள் சொன்னவர். லைற் ஒண்டும் எரியேல்லையே சேர், அப்ப சரிதானே?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

ஏபிஎஸ் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். உருளுகிற சில்லு றோட்டைப் பிடித்துக்கொண்டு இருக்கும். பூட்டிய சில்லு றோட்டின் மேல் தேய்ந்துகொண்டு போகும். தேய்கிற சில்லுக்குப் பக்கம் தெரியாது. ஸ்ரேறிங்கை எங்கே திருப்பினாலும் வாகனம் வந்த திசையிலேயே போகும். ஏபிஎஸ் உள்ள வாகனத்தில் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சென்சர் இருக்கும். சில்லோடு சுழலுகிற பல் வளையம் அதற்கு முன்னால் ஓடும்போது சிறு மின் துடிப்புகள் பிறக்கும். தரம் 11 பிள்ளைகள் படிக்கிற மின்காந்தத் தூண்டல்தான், வேறொன்றுமில்லை. ஒரு சில்லு மற்றவற்றைவிடத் திடீரென்று மெதுவாகிறது என்று கண்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் சில்லின் பிறேக் அழுத்தத்தைக் கணநேரம் விட்டு, மறுபடி கொடுக்கும். செக்கனுக்குப் பல தடவை. அந்த விட்டுப் பிடிப்பதுதான் காலில் நடுக்கமாகத் தெரியும், கறகறவென்று சத்தமும் கேட்கும். பயந்து காலை எடுக்கக் கூடாது. மிதித்தபடியே ஸ்ரேறிங்கைத் திருப்ப வேண்டும். ஆகாய விமானங்களுக்கு முதலில் வந்த யோசனை இது. இன்றைய மின்னணு வகையில் பொஷ் கம்பனி செய்ததை 1978இல் மேர்சிடிஸ் பென்ஸ் தன் பெரிய காரில் போட்டது.

இது வாகனத்தைக் கிட்ட நிற்பாட்டத்தான் என்று கனபேர் நினைக்கிறார்கள். ஈரத் தார் றோட்டில் பெரும்பாலும் கிட்டத்தான் நிற்பாட்டும். ஆனால் முதல் வேலை அதுவல்ல. பிறேக் பிடித்துக்கொண்டே வெட்டித் திருப்ப விடுவதுதான் முதல் வேலை. அன்றைக்கு எங்களிடம் இல்லாமல் போனதும் அதுதான்.

வானைக் காட்டியது சோனகதெருப் பக்கம் வேலை செய்கிற ஒரு பாஸிடம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுவனாகப் போய், புத்தளத்தில் தொழில் பழகித் திரும்பி வந்தவர். உப்பளங்களுக்கு ஓடுகிற லொறிகளுக்குக் கீழே படுத்துப் பழகியவர் என்பதால் உப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

அவர் வானுக்குக் கீழே போகவில்லை. முதலில் சாவியை மட்டும் திருப்பினார், எஞ்சினை எழுப்பாமல். பற்றரி லைற், ஒயில் லைற், சிவப்புப் பிறேக் லைற் எல்லாம் எரிந்தன. மஞ்சள் ஏபிஎஸ் லைற் எரியவில்லை. "வருத்தம் இதிலதான் சேர் இருக்கு" என்றார்.

ஏபிஎஸ் உள்ள காரிலோ வானிலோ சாவி திருப்பியதும் அந்த லைற் கட்டாயம் ஓரிரு செக்கன் எரிந்து அணைய வேண்டும். பெட்டி தன்னைத் தானே சோதித்துப் பார்க்கிற நேரம் அது. எரிந்து அணைந்தால் நலம். எரிந்தபடியே நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்க வேண்டும், அல்லது யாரோ கழற்றியிருக்க வேண்டும். மீற்றரைக் கழற்றிப் பார்த்தால் பல்ப் இருந்த துளை வெறுமை. கோளாறைத் திருத்தச் செலவு கூட என்று, விற்பதற்கு முன் லைற்றைக் குருடாக்கியிருக்கிறார்கள். யார், எங்கே என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஏழு ஆசிரியர்கள் ஏறுகிற வான் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பாரோ என்று யோசித்தால் மனம் கசக்கிறது.

பாஸ் புதுப் பல்ப் போட்டார். லைற் எரிந்தது, அணையவில்லை. ஸ்ரேறிங்குக்குக் கீழே இருக்கிற சோதனைப் பிளக்கில் இரண்டு துளைகளைச் சின்ன வயரால் இணைத்தார். லைற் விட்டு விட்டு மின்னத் தொடங்கியது. மூன்று தரம், ஒரு இடைவெளி, பிறகு இரண்டு தரம். 32. எங்கள் வானின் கம்பனி முறையில் அது முன் இடப்பக்கச் சென்சர். இது கம்பனிக்குக் கம்பனி மாறும். புது வாகனங்களுக்கு ஸ்கானர்தான். மலிவான ஸ்கானர்கள் எஞ்சினை மட்டும் வாசிக்கும், ஏபிஎஸ்ஸை வாசிக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கோ. வயர் வேலையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். துளை மாறினால் பெட்டியே எரிந்துபோகும், பிறகு செலவு பத்து மடங்கு.

முன் இடச் சில்லைக் கழற்றினால் சென்சர் இருக்கிற இடம் முழுக்கத் துரு. துரு வீங்கி சென்சரை வளையத்திலிருந்து எட்டத் தள்ளியிருந்தது. அந்த இடைவெளி மிகச் சிறியது. கொஞ்சம் கூடினாலே துடிப்பு பலவீனமாகும். இந்தத் துருவுக்கு இன்னொரு குணமும் உண்டாம்: சில வாகனங்களில் லைற் எரியாமலே, காய்ந்த றோட்டில் மெல்ல நிற்கப் போகும் கடைசி நேரம் பெடல் நடுங்கும். சில்லு மெதுவாகும்போது துடிப்பு இன்னும் மெலிவதால், சில்லு நின்றுவிட்டது என்று பெட்டி ஏமாந்து பிறேக்கை விடுகிறது. அப்படி நடுங்குகிற வாகனம் யாரிடமாவது இருந்தால் நாளைக்கே காட்டுங்கோ. சந்தியில் நிற்க வேண்டிய இடத்தில் ஓரிரு அடி தள்ளித்தான் நிற்கும்.

எங்கள் எல்லோருக்கும் கனடாவில் ஒரு மச்சானாவது இருப்பார். பனிக்காலம் வந்தால் காருக்குக் கீழே துருப்பிடித்த கதையைச் சொல்லுவார்கள். அங்கே பனியை உருக்க றோட்டில் உப்புப் போடுகிறார்கள், அந்த உப்பு இதே சென்சரைத்தான் தின்கிறது. எங்களுக்கு உப்பைக் காசு கொடுத்துப் போட ஆள் தேவையில்லை. வாடைக்காற்று மாரியிலும், சோளகம் மற்றக் காலத்திலும் இலவசமாகத் தெளிக்கும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் வாணர் தாம்போதியால் குறிகட்டுவானுக்கு ஓடுகிறவர்களுக்கு எங்களைவிட இரட்டிப்பு.

கழுவினால் போகும்தான். ஆனால் எதால் கழுவுவது? தீவில் பாதிக் கிணறு உவர். உவர்த் தண்ணியால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. நல்ல தண்ணியைக் குடிக்கவே கணக்குப் பார்க்கிற ஊரில் வான் கழுவச் சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை. பாஸ் சொன்ன வழி இது: மாரியில் கூரைத் தண்ணியைப் பீப்பாவில் பிடித்து, கிழமைக்கு ஒருக்கா நான்கு சில்லுக்கும் உட்பக்கமாக இரண்டு வாளி ஊற்றுங்கோ. மேலே மினுக்கத் தேவையில்லை.

லைற் எரிந்தபடி நின்றால் என்ன செய்வது என்று கனபேர் கேட்பார்கள். மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரணப் பிறேக் வேலை செய்யும். சில்லு பூட்டக்கூடும் என்பதை நினைவில் வைத்து, மெதுவாக, இடைவெளி விட்டு ஓடி வீடு போகலாம். பூட்டுவது போலத் தெரிந்தால் பெடலை விட்டு விட்டு மிதிக்க வேண்டும், பழைய சாரதிமார் செய்கிற மாதிரி. மஞ்சளோடு சிவப்பும் எரிந்தால் ஓரமாக நிற்பாட்டுங்கோ. ஹான்ட் பிறேக் விட்டிருக்கிறதா, பிறேக் ஒயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கோ. இரண்டும் சரியாக இருந்தும் எரிந்தால் அந்த வாகனத்தில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். சாவி திருப்பியதிலிருந்தே மஞ்சள் நின்றால் பியூஸ், வயர், பற்றரிப் பக்கம் முதலில் பார்க்கலாம். ஓடத் தொடங்கிய பிறகு வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சில்லின் சென்சர்தான்.

மோட்டார் சைக்கிள் தம்பிமாருக்கு ஒரு சொல். உங்கள் மீற்றரில் ஏபிஎஸ் லைற் நின்ற இடத்தில் எரிந்துகொண்டு இருப்பதும், ஓடத் தொடங்கியதும் அணைவதும் பெரும்பாலான சைக்கிள்களுக்கு இயல்பு. அதைக் கோளாறு என்று திருத்தப் போகாதீங்கோ. ஆனால் இங்கே ஓடுகிற பல மொடல்களில் முன்சில்லுக்கு மட்டும்தான் ஏபிஎஸ். பின்சில்லு பூட்டும், வாலை வீசும். ரீச்சர்மார் ஓடுகிற ஸ்கூட்டியிலும் ஓட்டோவிலும் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. இருக்கிறவர்களும் அதை நம்பிப் பறக்கக் கூடாது. வழுக்கல் ரயருக்கு ஏபிஎஸ் மருந்தில்லை. மண் படர்ந்த இடத்தில், குறிப்பாகச் சந்தித் திருப்பத்தில், ஏபிஎஸ் உள்ள வாகனம் சில நேரம் இன்னும் நீளமாகப் போய்த்தான் நிற்கும். கரையில் அலை ஏற்றிவிட்ட சாதாளையும் அப்படித்தான். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல் போகிறோம். மாட்டைக் கண்டு கால் பிறேக்குக்குப் போவதற்கிடையில் அவ்வளவும் முடிந்துவிடும்.

வருடா வருடம் புகைச் சான்றிதழ் எடுக்கிறோம். அங்கே புகையைப் பார்ப்பார்கள், இந்த லைற்றைப் பார்ப்பதில்லை. 2020இல் இறக்குமதி நின்றது. கார், வான்களுக்குத் திரும்பத் திறந்தது 2025இல்தான். இடையில் பழைய வாகனங்களே கைக்குக் கை மாறின. எத்தனை மீற்றரில் பல்ப் இல்லை என்று யாருக்குத் தெரியும்? வாங்கும்போது பெயின்ற் பார்க்கிறோம், ஏசி பார்க்கிறோம். சாவியை மட்டும் திருப்பி மூன்று செக்கன் மீற்றரைப் பார்க்கக் காசு தேவையில்லை.

எங்கள் வானுக்குப் பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த சென்சர் ஒன்று எடுப்பித்தோம். துருவைச் சுரண்டி, வளையத்தைத் துடைத்துப் போட்டதும் லைற் அணைந்தது. அண்ணையால் ஒரேயடியாகக் கொடுக்க ஏலாது என்பதால் ஏழு பேரும் பங்கு போட்டுக் கட்டினோம். அவர் மாதா மாதம் வான் காசில் கழிக்கிறார். ஆள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "என்ர வான், நான்தானே பாக்கவேணும்" என்று நின்றார். அந்தப் பாலத்தில் அது எங்கட வானும்தான் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம். பிறகு ஒரு பின்னேரம், ஆளில்லாத வெளியில், ஈரத் தரையில் பிறேக்கை இறுக்கி மிதித்துப் பார்த்தார். பெடல் நடுங்கியதும் பயந்து காலை எடுத்துவிட்டார். இரண்டாம் முறை எடுக்கவில்லை. வான் மிதித்தபடியே திரும்பியது.

வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்கு பாஸ் மண்டைதீவுக்கு வருகிறார், இன்ஷா அல்லாஹ். பாடசாலைக்கு முன்னால் உள்ள வெளியில் நிற்பார். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆட்கள், முக்கியமாகப் பிள்ளைகளை ஏற்றுகிற வான்காரர், கொண்டுவந்து காட்டுங்கோ. பார்க்கக் காசில்லை, சாமான் மாற்றினால் சாமான் விலை. தேத்தண்ணி நாங்கள் தருவோம். வாகனம் கழுவுகிற தண்ணி அவரவர் பீப்பாவில் கொண்டுவரவும்.