தீர்வை நாளும் எங்கள் வீட்டுப் படலையும்

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு தோறும் சிறு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்து வருகிறேன். நவம்பர் மாதம் இறந்தவர்களை நினைக்கும் மாதம். 2ஆந் திகதி சேமக்காலைக்குப் போய், கல்லறைகளில் பூவும் மெழுகுதிரியும் வைத்து மன்றாடி வருவோம். அதையொட்டி வரும் வகுப்புகளில் மரணம், தீர்வை, மோட்சம், நரகம் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். 2023ஆம் ஆண்டு அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எட்டு வயதுப் பிள்ளையொன்று எழும்பி நின்றது.

"ரீச்சர், கடைசி நாளில எங்கட பாவமெல்லாத்தையும் எல்லாருக்கும் முன்னால வாசிப்பினமா? அம்மாவுக்கும் கேக்குமா?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "அடுத்த கிழமை சொல்லுறன், இருங்கோ" என்று சமாளித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால், எல்லோருக்கும் முன்னால் வாசிக்கப்படக்கூடாது என்று நான் நினைக்கும் பக்கம் ஒன்று என் கணக்கிலும் இருக்கிறது.

சின்ன வயதில் அம்மம்மா எங்களுக்குத் தீர்வையைப் பற்றிச் சொல்லுவா. மனிதன் செத்தவுடனே ஆண்டவருக்கு முன்னால் நிற்பது தனித்தீர்வை. உலகம் முடியும்போது எல்லா மனிதரும் ஒன்றாக நிற்பது பொதுத்தீர்வை. சம்மனசுகள் எங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளும் என்பா. பொய் சொன்னது, களவெடுத்தது, பூசைக்குப் போகாதது, இவைதான் அந்தக் கொப்பியில் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகள் பெற்ற பிறகும் அப்படித்தான் நினைத்தேன். பெரிய பாவம் எதுவும் செய்யாதவள் என்று எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்துச் சனம் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, மழையில் நனைந்தபடி, இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்குள் வந்தது. எங்கள் வீடு சாவகச்சேரிக்குக் கிட்ட. முதல் இரண்டு நாளிலேயே வீட்டில் 26 பேர். எல்லோரும் என் கணவரின் சொந்தக்காரர். குசினி, விறாந்தை, மாட்டுக்கொட்டில் எல்லாம் ஆட்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் படலையில் ஒரு வயதான அம்மா நின்றா. கையில் ஒரு சிறுமி.

"பிள்ளை, ஒரு மூலையில இருக்க விடுறியே? இவளுக்கு ஒரு வாய் தண்ணியாவது தா."

ஆர் எவர் என்று தெரியாத ஆட்களைக் கிணற்றடிக்கு விட மாமிக்கு மனமில்லை. அதன் அர்த்தம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். பழியை மாமியின் தலையில் போட நான் விரும்பவில்லை. மாமியின் எண்ணம் எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே விட்டால் இருந்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

"இடமில்லை அம்மா. தண்ணியும் முடிஞ்சுது. முன்னால பள்ளிக்கூடத்தில குடுக்கினம், அங்க போங்கோ" என்றேன்.

குசினிக்குள் இரண்டு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

அந்த அம்மா திட்டவில்லை. "சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டு நடந்தா. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் சிறுமி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். நான் படலையைச் சாத்தினேன்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இயேசு கடைசித் தீர்வையைப் பற்றிச் சொல்கிறார். மேய்ப்பன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பது போல் மனிதரைப் பிரிப்பாராம். அங்கே அவர் கேட்பவை ஆறு காரியங்கள்: பசித்தவருக்கு உணவு, தாகமுற்றவருக்குத் தண்ணீர், அந்நியருக்கு இடம், உடையில்லாதவருக்கு உடை, நோயாளியைப் பார்த்தது, சிறையில் இருப்பவரைத் தேடிப் போனது. இடது பக்கம் நிறுத்தப்படுகிறவர்கள் கொலையோ களவோ செய்தவர்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டவர்கள் அவர்கள். ஒவ்வொரு பூசையின் தொடக்கத்திலும், செய்ததற்காக மட்டுமல்ல, செய்யத் தவறியதற்காகவும் மன்னிப்புக் கேட்கிறோம். வாய் பாடமாகச் சொன்ன அந்தச் செபத்தின் பொருள் எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. அந்த ஆறில் இரண்டை ஒரே நிமிடத்தில், என் சொந்தப் படலையில், நான் தவறவிட்டிருந்தேன்.

2000ஆம் ஆண்டு மே மாதம் சாவகச்சேரிப் பக்கம் சண்டை வந்தது. இம்முறை ஓடினவர்கள் நாங்கள். வடமராட்சியில் கரவெட்டிப் பக்கம், முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலையில், கடைசி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு அம்மா வெளியே வந்தா. நான் வாய் திறக்க முன்னமே செம்பில் தண்ணீர் கொண்டு வந்து தந்தா. பிறகு, "சின்னனுகள் சாப்பிட்டுதுகளோ?" என்று கேட்டா. எங்கள் ஊரையோ, சமயத்தையோ, பகுதியையோ கேட்கவில்லை. பல மாதங்கள் அந்த வீட்டில் இருந்தோம்.

நற்செய்தியில் வலது பக்கம் நிற்பவர்கள் ஆச்சரியப்பட்டு, "உம்மை நாங்கள் எப்போது கண்டோம்?" என்ற கருத்தில் கேட்கிறார்கள். தாங்கள் யாருக்குச் செய்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. அந்த அம்மாவைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த இடம் விளங்கியது. வேதம் படித்த நான் படலையைச் சாத்தினேன். அந்த அதிகாரத்தைக் கேட்டும் அறியாத அவ திறந்துவிட்டா.

அங்கே இருந்தபோதே பாவசங்கீர்த்தனம் செய்தேன். வயதான சுவாமியார் ஒருவர். அழுதழுது சொன்னேன். அபராதமாக நிறையச் செபம் சொல்லச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "அந்த அம்மாவைத் தேடிப் பிடிக்க ஏலாது பிள்ளை. ஆனால் தாகத்தோட நடக்கிற சனம் இன்னும் இருக்குது. வீட்டை திரும்பினதும் படலையடியில ஒரு பானையில தண்ணி வையுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

2002இல் போர்நிறுத்தத்தின் பின் ஊர் திரும்பினோம். வீட்டில் கூரை இல்லை, யன்னல் கதவு இல்லை, நான் சாத்திய படலையும் இல்லை. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதும் முதல் வேலையாகப் பானையை வைத்தேன். இன்றுவரை காலையில் அதை நிரப்புவது நான்தான். மீன்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், தெருவால் போகிறவர்கள் எல்லோரும் குடிக்கிறார்கள்.

அந்தப் பானை 1995இன் கணக்கைத் தீர்த்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. மன்னிப்பு ஆண்டவரின் இரக்கத்தால் கிடைப்பது, தண்ணீர் கொடுத்து வாங்குவதல்ல. ஆனால் தீர்வைப் பயம் என்பது செத்த பிறகு வரப்போவதை எண்ணி நடுங்குவதற்கு மட்டுமல்ல என்று இப்போது நம்புகிறேன். இன்று படலையில் நிற்பவரைப் பார்க்க வைப்பதற்கும் அந்தப் பயம் வேண்டும்.

அடுத்த ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் முறைப்படி அன்று வாசித்ததும் அந்த 25ஆம் அதிகாரம்தான். வகுப்பில் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"தீர்ப்புச் சொல்லப் போறவர் ஆர் தெரியுமா? உனக்காகச் சிலுவையில செத்தவர்தான். உன்னை மாட்டிவிட வழி தேடுறவர் இல்லை. ஒளிச்சு வைச்சிருக்கிறதுதான் பயம் தரும்."

பிள்ளை கொஞ்சநேரம் யோசித்தது. "அப்ப நான் இப்பவே அம்மாட்டச் சொன்னால்?"

"அது நல்லது" என்றேன்.

அதற்கடுத்த கிழமை அந்தப் பிள்ளை ஓடி வந்து, "ரீச்சர், சொல்லிட்டன். அம்மா அடிக்கேல்லை" என்றது. என்ன பாவம் என்று நான் கேட்கவில்லை.

சகோதரிகளே, எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு படலை உண்டு. அங்கே யாரை மறித்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அந்தச் சிறுமி உயிரோடு இருந்தால் இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். அவளுக்காக ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த துணிவு எனக்கும் வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.