ஆற்றங்கரையில் முகங்கள்

சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் தங்கக் குதிரை வாகனத்தில் வைகையாற்றில் இறங்கும் வேளையில், கூடியிருக்கும் லட்சோபலட்சம் ஜனங்களின் கண்களெல்லாம் ஒரே திசையை நோக்கியிருக்க, அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி நின்று படம் பிடிக்கும் ஒருவரைக் காணவே நான் மதுரைக்குச் சென்றிருந்தேன். "சாமியை எடுக்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க சார், எனக்கு சனங்க போதும்" என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்துக்குள் புகுந்தார். பால்ய வயதில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் நெகட்டிவ் கழுவத் தொடங்கியவர், இன்று அறுபதைக் கடந்தும், மனிதர் தம்மை மறந்திருக்கும் க்ஷணத்தில் தோன்றும் முகத்தின்மேல் கொண்ட மோகம் சற்றும் தணியாதவராக இருக்கிறார்.

வாழையிலை போட்டு மூடிய சர்க்கரைச் செம்பின்மேல் சூடத்தை ஏற்றிக்கொண்டு நிற்கும் பெண்கள், தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும் கருப்பசாமி வேஷக்காரர்கள், மொட்டையடித்த தலையைத் தடவிப் பார்த்துத் திகைக்கும் குழந்தைகள் ஆகிய இவர்களிடையே அவர் நடப்பதைப் பார்த்தால், கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதே அபூர்வமென்று தெரியும். வெயில் ஏறியதும் 35 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை எஃப் 8-இல் வைத்து, குவியத்தைப் பத்தடியில் நிறுத்திவிடுகிறார். அப்படிச் செய்தால் சுமார் ஆறரை அடியிலிருந்து இருபத்து நான்கு அடி வரை யாவும் தெளிவாக விழும் என்பதால், குவியம் பார்க்கும் பிரயாசையே மிச்சமாகி, மனமும் கண்ணும் முகத்தின்மீதே தங்கிவிடுகின்றன. தூரத்திலிருந்தே எட்டிப்பிடிக்கும் பெரிய லென்ஸை அவர் இங்கே கொண்டுவருவதில்லை. நாலடி தள்ளி நிற்கும் தைரியமில்லாதவன் நாற்பதடி தள்ளி நின்று எடுப்பது வேவு பார்ப்பதற்கு ஒப்பாகும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

இந்தக் கலையின் சரித்திரத்திலேயே ஒளிவுமறைவுக்கு இடமுண்டு. 1920-களின் இறுதியில் ஜெர்மானியரான எரிக் சாலமன், தொப்பிக்குள் கேமராவை மறைத்து நீதிமன்ற விசாரணையைப் படமெடுத்தார். 1950-இல் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்திருந்த பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரஸ்ஸோன், பளபளப்புத் தெரியாதிருக்கத் தம் லைக்காவின்மேல் கறுப்பு நாடா ஒட்டுவது வழக்கம். அவர்களுடைய மேதையை நான் வணங்குகிறேன். ஆயினும் இந்த மதுரைக்காரரின் மார்க்கம் வேறு. கேமரா எல்லோருக்கும் தெரியும்படியே மார்பில் தொங்குகிறது. அவர் பேச்சுக் கொடுக்கிறார், ஊர் விசாரிக்கிறார், விசிறி வாங்கி விசிறுகிறார். அந்நியன் என்ற எண்ணம் கலைந்த பின்புதான் படம் எடுக்கிறார். வேண்டாமென்று ஒரு கை உயர்ந்துவிட்டால், எடுத்ததை அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறார்.

அவர் தோள்பையில் சென்ற திருவிழாவில் எடுத்த படங்கள், மேக்ஸி அளவுப் பிரிண்டுகளாக, பின்புறத்தில் ஊர்ப்பெயர் எழுதி அடுக்கியிருந்தன. கிராமத்தார் ஆண்டுதோறும் வழக்கமான இடத்திலேயே தங்குவதால் தேடிக் கொடுப்பது சாத்தியமாகிறது. ஒரு குடும்பத்தில், "இது எங்க அப்பத்தா, தை மாசம் தவறிருச்சு" என்று வாங்கிய பெண், அந்த மூதாட்டிக்கு வாக்காளர் அட்டையிலுள்ள படத்தைத் தவிர வேறொன்றும் இல்லையென்று சொன்னாள். காசு கொடுக்க வந்தபோது அவர் மறுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்ப விலாசம் எழுதிக்கொண்டார்.

இதற்கெல்லாம் பொருள் கல்யாண வேலையிலிருந்து வருகிறது. 'டிரெடிஷனல்' ஒருவர், 'கேண்டிட்' ஒருவர் என்று இப்போது தனித்தனியே பேசி அமர்த்துகிறார்கள். இரண்டாவது வேலைக்கு இவரை அழைப்பவர்கள் அதிகம். முகூர்த்தத்துக்கு முன்பே அடுப்பங்கரைக்குப் போய் சமையல்காரர்களையும், தவிலுக்கு வார் இறுக்குபவரையும் எடுக்கிறார். கல்யாண வீட்டாரின் ஆல்பத்தில் அப்படங்களுக்கு இடமிருப்பதில்லை. எடுக்கப்பட்டவர்களுக்கே அவற்றைப் பிரிண்டு போட்டுக் கொடுத்துவிடுகிறார். தம்மிடம் தொழில் பழகும் இளைஞருக்கும் முதலில் இந்த விநியோக வேலையைத்தான் கொடுத்திருக்கிறார், கேமரா அதற்கப்புறம்தானாம்.