ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்

உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்க வராது என்றால் வேறு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பவர்களை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

நான் பால்மரக் காட்டில் பிறந்தவன். அம்மா மரம் வெட்டினார். அப்பாவுக்கு மருந்தடிக்கும் வேலை. 1978-இல் ஆசிரியராகி, பேராக் மாநிலத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். மேல் வகுப்புகள்தாம் எப்போதும் என் தலையில் விழும். அதாவது, தேர்வு வகுப்பு! நான் சேர்ந்த காலத்தில் ஐந்தாம் வகுப்பில் மதிப்பீட்டுத் தேர்வு இருந்தது. 1988-இல் அது போய், ஆறாம் வகுப்பில் யு.பி.எஸ்.ஆர். வந்தது. அந்தத் தேர்வு எப்படி ஒரு திருவிழாவாக மாறிற்று என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடுதல் வகுப்பு, விடுமுறை வகுப்பு, இரவு வகுப்பு! கோவிலில் 2பி பென்சிலைத் தட்டில் வைத்து அர்ச்சனை செய்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானே தட்டை ஏந்தி நின்றிருக்கிறேன்.

பள்ளி வாசலில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று அதில் வெள்ளைச் சாயத்தால் எழுதுவோம். பலகையில் எண் ஏறினால் தலைமையாசிரியர் முகம் மலரும். இறங்கினால் அந்த ஆண்டு முழுவதும் எனக்குத் தூக்கம் கெடும்.

எண்ணை ஏற்ற வழியா இல்லை? கருத்துணர்தல் தாளில் கேள்விக்குக் கீழே நான்கு விடைகள் இருக்கும். சரியானதைத் தேர்ந்து, விடைத்தாளில் அதற்குரிய கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். இயந்திரம் திருத்திவிடும். நான் பிள்ளைகளுக்கு வித்தை சொல்லிக்கொடுத்தேன். “கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு. அந்த வரியில் இருக்கும் சொல் எந்த விடையில் இருக்கிறதோ அதைக் கறுப்பாக்கு. தெரியாவிட்டாலும் கட்டத்தை வெறுமனே விடாதே.” இது பாடமா, சூதாட்டமா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

1991-இல் என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களில் கடைசி லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுவாள். ஒரு புள்ளி விடமாட்டாள். அவள் நோட்டைப் பிற பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். தேர்வில் தமிழ்க் கட்டுரையில் அவள் தேறவில்லை. மலாயிலும் தேறவில்லை, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டுத்தான் படிவம் ஒன்றுக்குப் போக வேண்டும். ஆனால் தமிழ்க் கருத்துணர்தலில் ‘சி’ வாங்கித் தேறிவிட்டாள். எனக்கு மகிழ்ச்சிதான்.

அந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு மாலை, அவளும் அவள் தாயாரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தாயார் கையில் ஒரு கடிதம். கூலிமில் இருக்கும் அக்காள் போட்டது.

“ஐயா, இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

“ஏம்மா, உங்க மகளே படிப்பாளே? தமிழ்ல தேறினவளாச்சே!” என்று சிரித்துக்கொண்டே கடிதத்தை வாங்கி அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கினாள், பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான்கு விடையும் கீழே இல்லாத கேள்வியைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

நான்தான் படித்தேன். அவர்கள் அம்மாவுக்கு உடம்பு மிகவும் முடியவில்லை, சின்னவளைப் பார்க்க வேண்டும் என்று ஓயாமல் கேட்கிறார், உடனே புறப்பட்டு வா என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டு நாளுக்கு முந்தியது.

தாயார் அழவில்லை. கடிதம் வந்த அன்றே மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவளும் படித்திருக்கிறாள்: “எல்லாரும் சுகம். பொங்கலுக்கு வரச் சொல்றாங்க.” அந்தக் கிழவி இறந்த செய்தி முதல்நாள்தான் தோட்ட ஆபிசுக்குத் தொலைபேசியில் வந்ததாம். “கடுதாசி போட்டும் ஏன் வரலே?” என்று அக்காள் கேட்டாராம்.

அம்மையார் மகளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார். “ஆறு வருசமா உங்ககிட்டதானே ஐயா அனுப்பினேன்” என்றார். வாசகர்களே, அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து உரக்க வாசிப்பதுதான் எங்கள் வகுப்பு வழக்கம். கூட்டத்தில் அவள் வாய் அசையும். தனியாக வாசிக்கும் முறை வந்தால், நேரம் போகிறதே என்று கெட்டிக்கார நாலைந்து பேரையே எழுப்புவேன். ஆண்டு முழுவதும் அவள் குரலை நான் தனியாகக் கேட்டதே இல்லை!

மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன். முதல் வாரத்திலேயே கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு எழுத்துகள் தெரியும். ஆனால் ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’ வந்தால் தடுமாறுவாள். முன்னால் நிற்கும் கொம்பை என்ன செய்வதென்று தெரியாது. முதலாம் வகுப்பில் பாதி ஆண்டு அவள் பள்ளிக்கே வரவில்லை. தம்பி நோயாளிக் குழந்தை. ஆயாக் கொட்டகையில் விட முடியாது. தாயார் வெட்டுக்காட்டுக்குப் போனால் இவள்தான் காவல். அந்த ஆறு மாதத்தில் போனதை அடுத்த ஆறு ஆண்டில் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. எங்கள் வித்தையும் அவள் அழகான கையெழுத்தும் சேர்ந்து அதை மூடி மறைத்துவிட்டன. பிஸ்கட் டின்னில் உள்ள எழுத்து, நாள்காட்டித் தாள், அப்போது வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ பத்திரிகை என்று கிடைத்ததையெல்லாம் வாசிக்க வைத்தேன். மார்ச் மாதத்துக்குள் தட்டித் தடவி ஒரு பக்கம் வாசித்தாள். ஆறு ஆண்டில் ஆகாதது மூன்று மாதத்தில் ஆயிற்று என்று நான் பெருமைப்பட என்ன இருக்கிறது? முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதுதானே!

சரி, இயந்திரங்களின் கதைக்கும் வருகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 1972-இல் தொடங்கியது. எங்கள் பள்ளிக்கும் ஒரு பெட்டி வந்திருந்தது. பாடம் காலையில் வரும். தோட்டத்து மின்சாரமோ மாலை ஆறு மணிக்குத்தான் வரும்! பெட்டி தலைமையாசிரியர் அறையில் துணி போர்த்திக் கிடந்தது. சரஸ்வதி பூசையன்று மட்டும் அதற்கு ஒரு பொட்டு வைப்போம்.

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றார்கள். ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், சுவரில் படம் காட்டும் எல்.சி.டி. கருவியும் வந்தன. விதை முளைத்து இலை விடுவதை ஒரே நிமிடத்தில் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், நல்ல காட்சிதான். ஆனால் 2009-இல் கொள்கை மாறி, 2012 முதல் மறுபடி தமிழுக்கே திரும்பினோம். கருவியின் விளக்கு எரிந்துபோனதும் புது விளக்கு வாங்கப் பள்ளியில் காசில்லை. அதன்பின் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையம் என்று ஒரு பெரிய திட்டம் வந்தது. செம்பனைக் காட்டுக்குள் இருந்த எங்களுக்கு அது வந்தும் வராமலும் இருந்தது. அதுவும் 2019-இல் முடிந்தது.

நோய்க்காலத்தை நீங்களே பார்த்தீர்கள். 2020 மார்ச் 18-இல் பள்ளிகளை மூடினார்கள். சபாவில் ஒரு மாணவி, இணையம் கிடைக்க மரத்தின்மேல் ஏறி இருந்து தேர்வு எழுதியதை நாடே பேசிற்று. மறு ஆண்டு வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 150,000 மடிக்கணினிகள் தரும் திட்டம் வந்தது. தேவைப்பட்டவர்களோ அதைவிட மிகப் பலர். எங்கள் பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அதையும் தகப்பனார் வேலைக்குக் கொண்டுபோய் மாலையில்தான் வருவார். தாயார் பயிற்சித்தாளைத் தாமே செய்து, படம் பிடித்து அனுப்புவார். பிள்ளைக்கு மூன்று நட்சத்திரம் வரும். சிரிப்பு வந்தாலும் எனக்கு அந்தக் கருத்துணர்தல் ‘சி’ நினைவுக்கு வந்தது. விடைத்தாளைத் திருத்தும் இயந்திரம் கறுப்புப் புள்ளியைப் பார்க்கும். கைப்பேசி அனுப்பிய படத்தைப் பார்க்கும். பிள்ளை வாயைத் திறந்ததா என்று இரண்டும் கேட்பதில்லை.

யு.பி.எஸ்.ஆர். கடைசியாக 2019-இல் நடந்தது. 2020-இல் நோயால் நின்றது. 2021-இல் ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். பலர் மகிழ்ந்தார்கள். என்னால் முழுமனத்தோடு மகிழ முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கோலாலம்பூர் பிள்ளைக்கு வந்த தாள்தான் தோட்டப் பிள்ளைக்கும் வந்தது. ஏழு பாடத்திலும் ‘ஏ’ வாங்கிய நம் பிள்ளையை யாராலும் மறுக்க முடியவில்லை. அந்த ஏணியில் ஏறி மருத்துவரானவர்கள் என் வகுப்பிலும் உண்டு. ஏறாதவர்களை நாங்கள் எண்ணவில்லை என்பதுதான் என் வருத்தம். 2010-இல் ‘லைனஸ்’ என்று ஒரு திட்டம் வந்ததே, அதில் சின்ன வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து மலாய் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஆசிரியர்களுக்குப் பெரிய வேலைச்சுமைதான். ஆனாலும் எனக்குப் பிடித்த சோதனை அது ஒன்றுதான்.

யு.பி.எஸ்.ஆர். போனபின் வகுப்பறை மதிப்பீடு என்று, பிள்ளையின் அறிக்கையில் ‘டி.பி.’ போட்டு 1 முதல் 6 வரை ஓர் எண் வருகிறது. “நூற்றுக்கு 3 மார்க்கா?” என்று ஓர் அப்பா பதறிப்போய் என்னைக் கேட்டார். இல்லை ஐயா! 1, 2 என்றால் இன்னும் பிடிபடவில்லை. 3 என்றால் அடிப்படை வந்துவிட்டது. 6 என்றால் பிறருக்கு எடுத்துக்காட்டு. அந்த எண்ணைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியரைப் பார்த்து, “என் பிள்ளை தனியாக வாசிக்கிறானா? நீங்கள் காதால் கேட்டீர்களா?” என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல ஆசிரியர் கோபிக்கமாட்டார்.

வீட்டிலும் கேளுங்கள். “எனக்கே படிக்கத் தெரியாதே, அது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?” என்பீர்கள். தெரியும். பிள்ளை இதுவரை பாராத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். பழைய பாடம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். வாசிக்கும்போது விரலை எழுத்தின்கீழ் வைக்கச் சொல்லுங்கள். விரல் ஓரிடத்திலும் வாய் ஓரிடத்திலும் போனால் உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தவன் அதே சொற்களைச் சொல்வான். இட்டுக்கட்டியவன் வேறு கதை சொல்வான். அன்று கடைசி லயத்தில் அந்தக் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கச் சொல்லியிருந்தால்! ஆனால் அந்த அம்மையாரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பிள்ளை தடுமாறினால் அடிக்காதீர்கள். அவள் பொய் சொன்னது அடிக்குப் பயந்துதான். பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள்.

அவள் இப்போது ஈப்போவில் இருக்கிறாள். தொழிற்சாலையில் வேலை. மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. போன வாரம் கைப்பேசியில் எனக்குத் தமிழில் எழுதியிருந்தாள்: “ஐயா சுகமா. நேற்று மகன் பேப்பரில் ஒரு பக்கம் வாசித்தான். இறண்டு இடத்தில் நின்றான். இன்று மருபடி கேட்கப் போகிறேன்.”

எழுத்துப் பிழையைக் கண்டால் சும்மா இருக்கமாட்டாதவன் நான். இரண்டு பிழைகளும் கண்ணில் பட்டன. திருத்தாமல், “கேள் அம்மா” என்று மட்டும் பதில் போட்டேன்.