கறுப்பிலும் ஒரு கணக்கு

வரலட்சுமி நோன்புக்கு முந்தைய நாள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வெள்ளிச் சாமான்கள் பரணிலிருந்து இறங்குகின்றன. எல்லாம் கறுத்திருக்கின்றன. காற்றிலுள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்வதால் வரும் கறை. மும்பையின் மழைக்கால ஈரம் அதை விரைவுபடுத்துகிறது.

அறுபதைத் தாண்டிய மாமியார் விபூதியை எடுக்கிறார். மருமகள் தடுக்கிறாள். "தேய்க்காதீங்கோம்மா. கறையோட வெள்ளியும் போறது." அவள் சொல்வது சரிதான். கல்யாணச் சீராக வந்த தம்ளரில் அம்மா பொறித்துக் கொடுத்த பெயர், நாற்பது வருடத் தேய்ப்பில் பாதி மறைந்துவிட்டது.

மருமகளின் முறை வேறு. பேசினில் அலுமினியத் தாள், அதைத் தொட்டபடி வெள்ளிச் சாமான், சமையல் சோடா, உப்பு, கொதிக்கும் நீர். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும், வெள்ளி தங்கிவிடும். லேசான அழுகிய முட்டை வாடையுடன் தட்டும் குங்குமச்சிமிழும் பளிச்சிடுகின்றன.

தம்ளரின் முறை வருகிறது. "எழுத்துக்குள்ள இருக்கிற கறுப்பும் போயிடுமா?"

"போயிடும்மா."

"அப்போ வேண்டாம். அந்தக் கறுப்புலதான் பேரே தெரியறது."

சோப்பு நீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, தம்ளர் அப்படியே பூஜைக்குப் போகிறது. விபூதிச் சம்புடம் திறக்கப்படவில்லை.