முதலில் கை வைத்தது யார்?



நம் கோம்பையிலிருந்து விடியுமுன்னே ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு கேரள மலைக்குப் புறப்படும் ஜீப்புகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றைப் போன்ற பழைய டீசல் ஜீப் ஒன்று என்னிடமும் உண்டு. சில மாதங்களுக்கு முன் அதன் எஞ்சினில் புகை கசியும் சத்தம் எழுந்தது. எஞ்சின் ஹெட்டோடு புகைக்குழாய் சேருகிற இடத்தில் கேஸ்கட் கருகியிருந்தது. சிறிய வேலைதானே என்று எண்ணி, ஒரு திங்கட்கிழமை நானே ஸ்பேனரை எடுத்தேன்.

மற்ற போல்ட்டுகள் கழன்றன; இரண்டு மட்டும் அசையவில்லை. ரிங் ஸ்பேனரின் முனையில் இரும்புக் குழாயைச் செருகி, முழுப் பலத்தோடு இழுத்தேன். போல்ட் அப்படியே நின்றது. ஸ்பேனர் வழுக்கிச் சுழன்று, என் விரல் முட்டிகள் கிழிந்தன. இரண்டு போல்ட்டுகளிலும் தலையின் ஆறு மூலைகளும் மழுங்கிப்போயின.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வயதில் மூத்த மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, இதுல முதல்ல யார் கை வச்சது?”

நான்தான் என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “துருப்பிடிச்சது போல்ட்டோட குத்தமில்லைங்கய்யா. தலையை மழுக்கினது மட்டும் நம்ம அவசரம்” என்றார்.

பின்பு அவர் விளக்கியதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். புகைக்குழாயருகே இருக்கும் போல்ட் நாள்தோறும் கொதித்துக் குளிர்கிறது. மலையின் பனியும் மழையும் மரைகளுக்கிடையே புகுகின்றன. இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மயிரிழை இடைவெளியும் இவ்வாறு அடைபட்டு, இரண்டு இரும்பும் ஒன்றாய் இறுகிவிடுகின்றன. அந்நிலையில் பலத்தைக் கூட்டினால் மரை இளகாது. தலைதான் மழுங்கும், அல்லது தண்டு முறியும்.

அவர் அன்று ஸ்பேனரையே தொடவில்லை. கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, டபிள்யூடி-40 எண்ணெயைப் பீய்ச்சி, “நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டார். 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், இரும்பிலிருந்து ஈரத்தை விலக்கும் ஒரு கலவையைத் தேடியவர்கள் நாற்பதாவது முயற்சியில்தான் அதைக் கண்டடைந்தார்களாம். அந்தப் பெயரிலுள்ள 40 அதைத்தான் சொல்லுகிறது.

மறுநாள் போல்ட்டின் தலையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். அந்த அதிர்வில் துரு விரிசல் விடுமாம். சற்றுச் சிறிய ஆறுமூலைப் பாக்ஸ் ஸ்பேனரை மழுங்கிய தலைமேல் அடித்து இறக்கினார். என்னை வியக்கவைத்தது அடுத்த செயல்: கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்தார். பிறகு கால் சுற்றுப் பின்னே, அரைக்கால் சுற்று முன்னே, மீண்டும் எண்ணெய். இவ்வாறு ஒன்று வெளிவந்தது.

மற்றொன்று தலையோடு முறிந்தது. உள்ளே துளையிட்டு முறுக்கியெடுக்கும் கருவியை அவர் நாடவில்லை. அது கடின எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது. பேட்டரியின் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சியிருந்த தண்டின்மேல் புதிய நட்டு ஒன்றை வெல்டிங் வைத்தார். அந்தச் சூட்டிலே துருவின் பிடி தளர்ந்தது. ஆறியபின் போல்ட் அமைதியாகத் திரும்பி வந்தது.

அன்பானவர்களே, வீடு திரும்பும்போது என் அண்ணனை நினைத்தேன். தகப்பனார் மறைந்தபின், கம்பம் பக்கத்திலுள்ள திராட்சைத் தோட்டத்தின் கிணற்றுத் தண்ணீர் முறை பற்றி எங்களுக்குள் பேச்சு முறிந்தது. ஆறு வருடங்கள். நான் சும்மா இருக்கவில்லை. தொலைபேசியில் மன்னிப்பைப் பற்றிப் போதித்தேன். உறவினர் திருமணத்தில், பலர் முன்னிலையில், “இன்றைக்கே சமாதானமாகிவிடுவோம்” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். அவருடைய இருதயம் கடினப்பட்டது என்று பலரிடம் வருத்தத்தோடு சொல்லிவந்தேன். மழுங்கச் செய்தது யார் என்று ஒருநாளும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் உத்தமபாளையம் வழியாகத் தோட்டத்திற்குப் போனேன். அண்ணன் கவாத்து செய்துகொண்டிருந்தார். கிணற்றைப் பற்றி நான் பேசவில்லை. போதிக்கவும் இல்லை. “கல்யாண வீட்டில் உங்களைத் தலைகுனிய வைத்தது என் தவறு, அண்ணே” என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் கூறவில்லை, கத்திரியும் நிற்கவில்லை. வெட்டி விழுந்த கொடிகளைச் சற்றுநேரம் பொறுக்கிக் குவித்துவிட்டு வந்தேன். மறுமாதமும் போனேன்.

கடந்த வியாழக்கிழமை அவராகவே தொலைபேசியில் அழைத்தார். “வண்டி சரியாயிருச்சா?” என்று கேட்டார். அவ்வளவுதான். கால் சுற்று. எங்கள் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இனி நான் குழாயைச் செருகி இழுக்கப்போவதில்லை.

மெக்கானிக்கின் கடைசி வேலையையும் சொல்லி முடிக்கிறேன். ஹெட்டிலுள்ள மரைகளை டேப் விட்டுச் சுத்தம் செய்து, புதிய போல்ட்டுகளில் செம்புத்தூள் கலந்த கிரீஸைத் தடவியபின்பே மாட்டினார். வெப்பத்திலும் அது மரைகளைப் பிடித்துக்கொள்ள விடாதாம். “அடுத்த தடவை கழட்டும்போது நான் இருப்பேனோ என்னமோ. கழட்டுறவன் கையில காயம் படக்கூடாதுல்ல” என்றார்.

உங்கள் வீட்டில் இறுகிப்போன உறவு எது? இந்த வாரம் அதைத் திருப்புமுன், முதலில் கை வைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஜெபம்: பொறுமையுள்ள ஆண்டவரே, எங்கள் அவசரத்தால் காயப்பட்டவர்களிடம் எங்களைத் தாழ்மையோடு அனுப்பும். காத்திருக்கக் கற்றுத்தாரும். ஆமென்.