உருவமும் சாட்சியும்

இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றில் 1979இல் பிறந்து இலண்டனில் வளர்ந்தவர் கிறிஸ்தோப்பர் குலேந்திரன் தோமஸ். திரைப்படத்தையும் காட்சிக்கூடத்தையும் ஒன்றாகவே கருதி ஆக்கங்களைப் படைப்பவர். அவை பெரிதும் பேசப்பட்டது ஐரோப்பாவில். அவை பேசுவதோ இத்தீவைப் பற்றி.

அனிக்கா கூல்மானுடன் இணைந்து அவர் 2019இல் ஆக்கிய 'பீயிங் ஹியூமன்' குறிப்பிடத்தக்கது. கூடத்தின் குறுக்கே ஒளி ஊடுருவக்கூடிய சுவரொன்று நிற்கிறது. அதன்மீது படம் ஓடுகிறது. இடையிடையே சுவர் தெளிந்து, அப்பால் வைக்கப்பட்டுள்ள கலைப்பொருள்கள் புலப்படுகின்றன. போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலேயே கொழும்பில் ஈராண்டுக் கலைவிழா தொடங்கியமையை அப்படம் நினைவூட்டுகிறது. நடுவே பாடகி ரெயிலர் சுவிஃப்ட் தோன்றிப் பேசுகிறார். உண்மையில் பேசுவது அவரன்று. கணினி புனைந்த அவரது உருவம்.

இலண்டனில் இதனை மெய்யியல் விளையாட்டாகக் கண்டு மகிழலாம். கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் அவ்வாறு காண்பது கடினம். பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23ஆம் நாள், மக்களை ஏற்றிச் சென்ற படகுப் பாதை அங்கு கவிழ்ந்தது. பள்ளிச் சிறார் உட்படப் பலர் மாண்டனர். அன்றைய படங்கள் நாடெங்கும் பரவின. படகுப் பாதை என்றால் என்னவென்றே அறியாதோரும் அப்படங்களைக் கண்டபின்னரே அந்த ஊரின் பெயரை அறிந்தனர். எந்தப் படத்தையும் 'கணினி புனைந்தது' என ஒதுக்கிவிடலாம் என்ற நிலை தோன்றுமாயின், முதலில் இழப்புறுவோர் இத்தகைய ஊரவரே. பெரிய இடத்தாருக்கு அறிக்கைகள் உண்டு, வழக்கறிஞர் உண்டு. இவர்களுக்குக் கைத்தொலைபேசிப் படமே சாட்சி.

இதற்காகத் தோமசைப் பழிப்பது முறையன்று. பொய்யுருவங்களைப் படைக்கும் கருவி அவர் கண்டுபிடித்ததன்று. உலகறிந்த பாடகியின் முகத்தை அவர் கையாளும்போது பார்வையாளர் ஐயுறுவதற்கு வழி இருக்கிறது. அதில் ஒரு நேர்மையும் உண்டு எனலாம். ஆனால் இலண்டனிலும் பேர்லினிலும் 2022இல் காட்டப்பட்ட 'த ஃபினெஸ்' என்னும் ஆக்கத்தில், ஈழம் தொடர்பான பழைய படத்துண்டுகளும் புனைந்த காட்சிகளும் கலந்து வருகின்றன. பாடகியை அறிந்த ஐரோப்பியர் அவ்விடத்தில் எதனைக் கொண்டு ஐயுறுவர்? முகங்களை அடையாளங் காணக்கூடியோர் அக்கூடங்களில் மிகச் சிலரே இருந்திருப்பர்.

இவ்வாக்கங்கள் திருகோணமலையில் காட்டப்பட வேண்டும். நகர மண்டபமொன்று போதும். தெளியும் சுவர் கூடத் தேவையில்லை. எது நடந்தது, எது புனைந்தது என்று திரையை நோக்கி உரக்கச் சொல்லக்கூடியோர் அங்கே இருப்பர்.