சி போனாலும் டி இருக்கும்
"ஃபார்மட் அடிச்சிருவோம்ணே. டி-ல இருக்கிறது அப்படியே இருக்கும்." தேனிப் பக்கம் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தாலும் இந்த உறுதிமொழி காதில் விழும். பொய்யில்லை. ஹார்ட் டிஸ்க்கைப் பகுதிகளாக்கி, சி-யில் விண்டோஸ், டி-யில் நம் கோப்புகள் என்று பிரித்து வைத்திருந்தால், ஓ.எஸ். போடும்போது டி-யைத் தொட வேண்டியதில்லை. என் சந்தேகமெல்லாம், நம்முடையவை முழுக்க டி-யில்தான் இருக்கின்றனவா என்பதில்தான்.

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் டி-யில் பத்திரமாக இருக்கும். டாலி மென்பொருளில் எழுதும் கணக்கு? டாலி பிரைமை அது காட்டிய இடத்திலேயே நிறுவியிருந்தால், கணக்கு முழுவதும் சி-யில், 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' என்ற மூலையில் கிடக்கும். அங்கே யார் எட்டிப் பார்க்கிறார்கள்? டெஸ்க்டாப்பில் போட்டு வைப்பதும் சி-யில்தான் போய்ச் சேர்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடைகளில் வேறு கூத்து. கோப்புகள் எல்லாம் டி-யில் தப்பிவிடும். திறந்தால், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பாமினி எழுத்துரு சி-யின் விண்டோஸ் ஃபோல்டரில் இருந்தது. சி-யோடு அதுவும் போயிற்று. கோப்பு பிழைத்தது, தமிழ் பிழைக்கவில்லை.

2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் இருந்தது. வாங்கிய கையோடு அதை எடுத்துவிடச் சொன்ன பிள்ளைகள் எத்தனையோ பேர். லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, சில சமயம் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று பவ்யமாகக் கேட்கும். 'சரி' என்று தட்டினால் தீர்ந்தது. இத்தனைக்கும் நம் சிக்கலுக்கு நேரான வழி லினக்ஸில்தான் உண்டு. 'ஹோம்' என்பதைத் தனிப் பகுதியாக வைத்துவிட்டால், கோப்புகளோடு நாம் செய்து வைத்த அமைப்புகளும் அங்கேயே தங்கும். மறுபடி நிறுவும்போது அந்தப் பகுதிக்கு மட்டும் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு, அதே 'ஹோம்' ஆகச் சேர்த்துக்கொண்டால் போதும்.

பார்டிஷன் என்பது வயல் வரப்பு மாதிரி. பக்கத்து வயலில் உழுகிற ஏரைத் தடுக்கும். முல்லைப் பெரியாறு கரை மீறி வந்தால் தடுக்காது. ஹார்ட் டிஸ்க்கே செத்துப்போனால் சி என்ன, டி என்ன? வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துக் கழற்றி வைப்பதுதான் காப்பு. அதற்குச் செலவு செய்யத்தான் நமக்கு மனசு வராது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இனி 11-தான். அதில் வரும் புது மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டிக்கொள்கிறது. சி-யை அழித்து ஓ.எஸ். போட்ட பிறகு டி அங்கேயேதான் இருக்கும், ஆனால் திறக்காது. 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி, முதல் நாள் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தார்களோ அதில் இருக்கிறது. வாங்கிய கடையில் ஒரு தம்பி அவசரத்துக்குத் தன் மெயில் ஐ.டி.யைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால், அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். அவர் இந்நேரம் திருப்பூரில் வேறு வேலைக்குப் போயிருப்பார்.